மாரக்கா வீட்டுச் சொம்புத் தண்ணீர்

எந்த ஆபீஸ் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால், என் டீக்கடைக்கு லைசென்ஸ் இருக்கிறதா, பெஞ்சு ரோட்டில் நிற்கிறதா என்று அளக்க நாளைக்கே ஆள் வந்துவிடும். பொங்கலூருக்குத் தெற்கே எங்கள் ஊர் மெயின் ரோட்டில் இருக்கிற ஒரு சர்க்கார் ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும். அதன் கேட்டுக்கு நேர் எதிரே என் கடை. கேட்டுக்கு இடது புறம், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மாரக்கா வீடு. வீட்டுக்குப் பின்னால் அவருடைய கிணறு. சொல்லும்போதே எனக்கு வயிறு எரியும், அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு ஒறம்பரை, அதாவது விருந்தாளி, வந்தால் "வாங்க" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் சொம்பு நிறையத் தண்ணீர் கைக்கு வந்துவிடும். வந்தவருக்குத் தாகம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. வேண்டாம் என்று சொல்வதும் இல்லை. அண்ணாந்து ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. பங்காளிகளுக்குள் சண்டை முற்றினால்கூட, "இனி உன்ற ஊட்ல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்" என்பதுதான் கடைசிப் பேச்சாக இருக்கும். அதற்கு மேல் சொல்ல எங்களிடம் வார்த்தை கிடையாது.

மாரக்காவுக்கு இந்த வழக்கத்தில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் பிடிவாதம். புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் சொம்பு ஒன்று வைத்திருந்தார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற ஆளுக்கும் அதுதான், ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கும் அதுதான்.

அக்காவின் வாழ்க்கை பெரிய கதை இல்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தார். குழந்தை இல்லை. வீட்டுக்காரர் மோட்டார் போடப் போன இடத்தில் கரண்ட் அடித்துப் போய்ச் சேர்ந்தார். சுற்றிலும் எல்லோரும் போர் போட்டுப் பாதாளம் வரைக்கும் துளைத்து உறிஞ்ச, அக்காவின் கிணறு வறண்டது. கிணறு போனதும் மாடு போனது. மாடு போனதும் அக்கா திருப்பூர் பனியன் கம்பெனி வேனில் ஏறினார். செக்கிங் வேலை. நாள் பூராவும் நின்றபடி பனியனை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, ஆயில் கறை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது கால் இரண்டும் வீங்கியிருக்கும். என் கடை பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்சம் ஆற்றிக்கொண்டுதான் ரோட்டைத் தாண்டுவார்.

"தம்பி, எனக்குச் சாவைக் கண்டாக்கூடப் பயமில்ல. காத்தால அந்த வேன்காரன் ஹாரன் அடிக்கறான் பாரு, அதக் கேட்டாத்தான் பயமா இருக்குது" என்பார்.

அந்தச் சம்பளத்தில்தான் தன் கூடப் பிறந்த தம்பியின் மகன் முகிலனைப் பாலிடெக்னிக் படிக்க வைத்தார். பையன் அத்தை வீட்டிலேயே தங்கி, அத்தை கட்டிக் கொடுத்த சோற்றைத் தின்று படித்தான். சர்க்கார் வேலையும் கிடைத்தது. ஓவர்சியர். கொஞ்ச காலம் எங்கெங்கோ இருந்துவிட்டு, சொல்லி வைத்தாற்போல எங்கள் ஊர் ஆபீசுக்கே மாற்றலாகி வந்தான். அன்றைக்கு அக்கா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு என் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். அவனும் அப்போது நல்ல பையன்தான். ஆபீசுக்குள் நுழைவதற்கு முன்னால் அத்தை வீட்டுக்குப் போய், நின்றபடியே சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டுதான் கேட்டுக்குள் போவான். நானே தினமும் பார்த்திருக்கிறேன்.

ரெண்டாயிரத்து மூன்றாம் வருஷம் கடும் பஞ்சம். வானத்திலிருந்து பொட்டுத் தண்ணீர் இல்லை. அந்த வருஷம் பார்த்து எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. "ஏனுங், மழையையும் சர்க்காரே அனுப்புதுங்களா?" என்று என் கடையில் ஒரே கேலி. எதிர் ஆபீசில் சிரிப்பு வரவில்லை. ஊருக்கெல்லாம் சொல்கிற ஆபீஸ் தான் முதலில் செய்து காட்ட வேண்டும். குழி தோண்டினால் இரண்டு அடியில் பாறை. பாறைக்குள் மழைநீர் எப்படி இறங்கும்?

முகிலன்தான் வழி கண்டுபிடித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்கு வந்தான். நானும் அங்கே இருந்தேன்.

"அத்தை, ஆபீஸ் மாடில விழுகற மழைத் தண்ணி பூராவும் ஜல்லி, மணல் போட்ட தொட்டில வடிகட்டி உங்க கெணத்துக்கே உட்டர்லாமுங்க. எங்களுக்குக் கணக்குக் காட்டுனாப்பல ஆச்சு. உங்களுக்குக் கெணறும் ஊறும்."

"காயிதம் கீயிதம் போடோணுமா கண்ணு?" என்று அக்கா கேட்டார்.

"நமக்குள்ள எதுக்குங்க அத்தை காயிதம்?"

"அதுவுஞ் செரிதான். நீ இருக்கறப்ப எனக்கென்ன வெசனம்?"

அவ்வளவுதான் ஒப்பந்தம். காம்பவுண்டுச் சுவரில் ஓட்டை போட்டுப் பெரிய பைப் ஒன்றை அக்கா கிணற்றுக்குள் இறக்கினார்கள்.

நம்ப மாட்டீர்கள், அடுத்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மாடித் தண்ணீர் பைப்பில் கொட்டுகிற சத்தம் என் கடை வரைக்கும் கேட்டது. அக்கா நனைந்துகொண்டே கிணற்று மேட்டில் நின்று, "வருது தம்பி, வருது!" என்று கத்தினார். அதற்கடுத்த வருஷம் இன்னும் நல்ல மழை. கிணறு ஊறிக்கொண்டது. அக்கா மாடு ஒன்று வாங்கினார், தென்னைக்குத் தண்ணீர் கட்டினார். ஒரு நாள் காலையில் வேன் வந்து ஹாரன் அடித்தபோது வாசலுக்கு வந்து, "நாளைல இருந்து எனக்காக நிறுத்த வேண்டாமுங்க" என்று டிரைவரிடம் சொன்னார். அப்போது அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்திருக்க வேண்டுமே! என் கடைக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். டீ தனி ருசி என்று பல்லடத்துக்காரர்கள் வண்டியை நிறுத்திக் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஆபீசுக்கும் கொண்டாட்டம். கேட்டில் பச்சை போர்டு மாட்டினார்கள். மாதிரி அலுவலகமாம். கோயமுத்தூரிலிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும் பார்க்க வந்தார்கள். முகிலன் எல்லோரையும் கிணற்று மேட்டுக்குக் கூட்டி வருவான். "அத்தை, ஆபீசருங்களுக்கு நம்ம கெணத்துத் தண்ணி ஒரு சொம்பு குடுங்க" என்பான். அக்கா சொம்பை நீட்ட, அவர்கள் குடித்துவிட்டு, "ஆஹா, இளநீராட்ட இருக்குதுங்களே" என்பார்கள். போட்டோ எடுப்பார்கள். ஒரு போட்டோவை பிரேம் போட்டு ஆபீஸ் வராண்டாவிலேயே மாட்டினார்கள். சொம்பும் கையுமாக அக்கா அதில் சிரித்துக்கொண்டிருப்பார்.

பிறகு ஆபீசின் பின்புறம் மாடிப்படிக்குக் கீழே புதிதாகக் கக்கூஸ் வரிசை ஒன்று கட்டினார்கள். கட்டட வேலை நடந்தது எங்களுக்குத் தெரியும். வேறொன்றும் தெரியாது.

அது முடிந்த கொஞ்ச நாளிலிருந்து முகிலன் அத்தை வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினான்.

முதல் நாள், "இப்பத்தானுங் அத்தை டீ குடிச்சேன்" என்றான். மறுநாள், "தொண்டை கட்டியிருக்குதுங்க, டாக்டரு சுடுதண்ணிதான் குடிக்கச் சொன்னாரு" என்றான். அக்கா சீரகம் போட்டுக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுத்தார். அதையும் வாங்கி வைத்துவிட்டுக் குடிக்காமலே எழுந்து போனான். அப்புறம் தோளில் பையும் பையில் பாட்டிலுமாகத் திரிய ஆரம்பித்தான். அத்தை வீட்டுப் பக்கம் வருவதே குறைந்தது.

அக்கா இடிந்து போனார். மற்ற ஊர்க்காரர்களாக இருந்தால் பையனுக்கு உடம்புக்கு என்னவோ என்று விட்டிருப்பார்கள். எங்களுக்கு அப்படி நினைக்கத் தோன்றாது. தண்ணீர் குடிக்கவில்லை என்றால் உறவு அறுந்தது என்று அர்த்தம். அப்படித்தான் வளர்ந்திருக்கிறோம்.

"தம்பி, நான் என்ன தப்புப் பண்ணுனேன்? ஏதாச்சும் வாய் தவறிப் பேசிப்போட்டனா?" என்று என்னிடம் வந்து நின்றார்.

"அவனுக்குக் கொழுப்புங்க அக்கா. சர்க்கார் சம்பளம் ஏறுனா அத்தை ஊட்டுத் தண்ணி எறங்குமா?" என்று நான் எரிந்து விழுந்தேன்.

"அப்படிச் சொல்லாத. அவன் அப்படிப்பட்டவன் இல்ல" என்று என்னைத்தான் அதட்டினார்.

அக்கா சும்மா இருக்கவில்லை. அவிநாசிப் பக்கம் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போய், "உன்ற மகன் எம்பட ஊட்ல தண்ணி குடிக்கறதில்ல. என் மேல என்ன குத்தமிருந்தாலும் சொல்லீருங்க" என்று அழுதுவிட்டு வந்தார். ஆடி நோம்பிப் பண்டிகைக்கு அவனுக்கு வேட்டி சட்டை எடுத்தார். கோழி அடித்துச் சோறாக்கினார். அவன் வந்தான், வேட்டியை வாங்கிக்கொண்டான். "வயிறு சரியில்லீங்க அத்தை" என்று இலையில் கைகூட வைக்கவில்லை. அவன் போனதும் அக்கா அந்த இலைக்கு முன்னாலேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

இதற்கிடையில் கிணற்றுத் தண்ணீரில் லேசாக ஒரு வாடை. வேப்பிலை விழுந்து அழுகியிருக்கும் என்று அக்கா ஆள் வைத்து அள்ளினார். வாடை போகவில்லை. ஆபீஸ்காரர்கள் ஒவ்வொருவராக என் கடையை விட்டுவிட்டு, தள்ளியிருக்கிற வேறு கடைக்குப் போனார்கள். நான் மடையன், பால்காரரிடம் சண்டைக்குப் போனேன். டீத்தூளை மாற்றினேன். ஆபீசுக்குள் ஆட்டோவில் கேன் தண்ணீர் போனது. அதையும் கண்ணால் பார்த்துக்கொண்டு, "கழுத கெட்டா குட்டிச்சுவரு, ஆபீசருக கெட்டா கேன் தண்ணி" என்று நையாண்டி செய்துகொண்டிருந்தேன்.

அக்காவுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. நிற்கவே இல்லை. பல்லடத்தில் ஆஸ்பத்திரியில் போட்டு குளுக்கோஸ் ஏற்றினோம். முகிலன் ஆரஞ்சுப் பழத்தோடு பெரிய கேன் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "ஆஸ்பத்திரித் தண்ணி ஆகாதுங்க அத்தை, இதையே குடிங்க" என்று தானே டம்ளரில் ஊற்றிக் கொடுத்தான். அவன் போன பிறகு அக்காவுக்குக் கண்ணெல்லாம் நீர்.

"பாத்தியா தம்பி? என் மேல அவனுக்குக் கோவமே இல்ல. நாந்தான் வீணா என்னென்னமோ நெனச்சுட்டேன்."

நானும் ஆமாம் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் அக்கா பழையபடி கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தார். அப்போது யாரும் கேன் கொண்டு வரவில்லை.

அந்த வருஷக் கடைசியில் பசுமை ஆபீஸ் என்று விருது கொடுக்கப் போவதாகப் பேச்சு. பார்வையிட ஒரு பெண் அதிகாரி வந்தார். பெயர் அனுப்ரியா. சின்ன வயது, நல்ல மாதிரி. ஆபீஸ் பூராவும் தண்ணீரைச் சேமிப்போம், மரத்தைக் காப்போம் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று சும்மாவா சொன்னார்கள்? எல்லாம் பார்த்து முடித்து, கூட்டமாகக் கிணற்று மேட்டுக்கு வந்தார்கள். கூட்டத்தைப் பார்த்து நானும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போனேன்.

அக்கா உடம்பு இளைத்திருந்தார். ஆனாலும் புதுச் சேலை கட்டி, சொம்பைப் பளபளவென்று தேய்த்துத் தயாராக நின்றார். இந்தத் தடவை முகிலன் சொம்பு பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க யாராவது சொல்ல வேண்டுமா?

"வாங்க கண்ணு, தண்ணி குடிங்க" என்று நீட்டினார்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் வாங்கினார். அண்ணாந்தார். முகிலன் எங்கிருந்தோ பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"மேடம், வேண்டாங்க மேடம்!"

எல்லோரும் திகைத்துப் போனோம். "ஏன்?" என்று அவர் கேட்டார்.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. பையிலிருந்து பாட்டிலை எடுத்தபடியே, "இல்லைங்க மேடம்... பாத்திரமெல்லாம் இவங்க அவ்வளவா சுத்தமா வெச்சுக்க மாட்டாங்க. இதக் குடிங்க" என்றான்.

அந்தப் பெண் சங்கடப்பட்டுச் சொம்பை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, பாட்டில் தண்ணீரை ஒரு வாய் குடித்தார். கூட்டம் நகர்ந்தது. அக்கா சொம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அந்தச் சொம்பையா சுத்தமில்லை என்றான்! பாவி, அதில்தானே அவன் படித்த காலமெல்லாம் குடித்தான்.

அக்கா சொம்பை உள்ளும் புறமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதற்குள் இருந்த தண்ணீரைப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். என்னிடம் மெதுவாக, "தம்பி, சொம்புல ஒண்ணுமில்ல" என்றார்.

நான் நேரே ஆபீஸ் வாட்ச்மேன் சென்னியப்பனிடம் போனேன். ஊர்க்காரர். சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அவர் முதலில் இழுத்தார், பிறகு கொட்டிவிட்டார்.

"புதுக் கக்கூசுக்கு டேங்க் தோண்டப் பாறை உடலீங்க. ஆழமே இல்லாமக் கட்டிப்போட்டாங்க. ரொம்பி வழியறத எங்க உடறது? பக்கத்துல மழைத்தண்ணித் தொட்டி இருந்துது, அதுல சேத்து உட்டுட்டாங்க. ஓவர்சியர் தம்பிதான் நின்னு பண்ணுனாரு. ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியுமுங்க. அதனாலதான கேன் வாங்கறாங்க."

"நீங்க ஏனுங்க ஒரு வார்த்த சொல்லல?"

"அவங்க சொந்த அத்தையாச்சே, அவரு சொல்லியிருப்பாருன்னு நெனச்சமுங்க."

மேடத்தை வழியனுப்பிவிட்டு முகிலன் வெளியே வரும்போது அக்கா கேட்டருகே நின்றார். சென்னியப்பன் சொன்னதை நான் அதற்குள் சொல்லியிருந்தேன். நான் அவனை நாலு வார்த்தை கிழிக்க வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி என்னை அடக்கினார்.

அவனே ஆரம்பித்தான். "தற்காலிகமாத்தானுங் அத்தை. மேல இருந்து அவசரப்படுத்துனாங்க. இந்த விருது முடிஞ்சதும் மாத்தீர்லாம்னு இருந்தேன். உங்ககிட்டச் சொன்னா ஊரு பூராவும் தெரிஞ்சு என்ற வேலைக்கே..."

"அந்தப் புள்ள வாய்க்கிட்டக் கொண்டு போறதுக்குள்ள ஓடியாந்து கையப் புடிச்சயே கண்ணு" என்றார் அக்கா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அது யாரோ எவரோ. இத்தன நாளா நானுந்தான் குடிச்சேன். என்ற கைய ஏன் புடிக்கல?"

அவன் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டான்.

"நீ கோவிச்சுட்டயாக்கும்னு உங்கொப்பன் ஊட்டு வாசல்ல போய் அழுதனே சாமி" என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அத்தைக்காரி தந்த கிணற்றிலேயே மலத்தை விட்டு, அந்தத் தண்ணீரை அவளே குடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளையை அன்றைக்குத்தான் பார்த்தேன். மேலிடத்துக்கு எழுதி மனுக் கொடுத்தேன். ஆய்வு செய்வதாகப் பதில் வந்தது. விருதும் வந்தது. நானும் கொத்தனார் ஒருவரும் சேர்ந்து பைப் வாயைச் சிமெண்டு வைத்து அடைத்தோம். கிணறு என்னமோ தேறவில்லை. இறைக்க இறைக்க அந்த வாடை. மாட்டை உடுமலைப்பேட்டைப் பக்கத்து ஆள் விலைக்குப் பிடித்துப் போனார். அக்கா திரும்பவும் வேனில் ஏறினார். ஆபீஸ் வராண்டாவில் அந்தப் போட்டோ மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

ஒரு வருஷம் கழித்து, தை மாதம் முகிலனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. முதல் பத்திரிகை அத்தைக்கு என்று ஒரு நாள் காலையில் பழத்தட்டோடு வந்தான். ஊர்ப் பொது மேல்நிலைத் தொட்டிக் குழாயில் பிடித்த தண்ணீரை ஒரு குடம் தூக்கிக்கொண்டு வந்து, நான் அப்போதுதான் அக்கா வீட்டு நடையில் இறக்கி வைத்திருந்தேன். அக்கா கம்பெனிக்குக் கிளம்பி, டிபன் கேரியரும் கையுமாக இருந்தார்.

"வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். கண்ணு இல்லை, சாமி இல்லை. படிக்க வந்த நாள் முதல் அவனை அவர் வாங்க போங்க என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அவன் உட்கார்ந்தான். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தேதி கேட்டார், பெண் எந்த ஊர் என்று கேட்டார். அவன் பதில் சொல்லிக்கொண்டே சமையலறைப் பக்கம் பார்த்தான். சொம்பு வரவில்லை. பேச்சும் தீர்ந்தது. ரோட்டில் வேன் ஹாரன் அடித்தது. அவன் எழுந்து நின்று, சின்னப் பிள்ளை மாதிரி, "அத்தை, குடிக்கச் சித்தெ தண்ணி குடுங்க" என்றான்.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டார்.

"இந்த ஊட்ல தண்ணி இல்லீங்க" என்றார்.

குடம் நிறையத் தண்ணீர் இரண்டு பேருக்கும் நடுவில்தான் இருந்தது.